பெண் பார்க்க வந்த நாளில் ஒரு மிளா

1

நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. காட்டு மான்களின் ரத்தத்தில் உண்ணிக் கடி வழியாகக் குடியேறும் ஒட்டுண்ணிகளைப் பற்றி ஒரு கட்டுரை. விவரம் கேட்டுச் சக்குபள்ளத்துக் கால்நடை மருத்துவர் மோனிஷாவிடம் போனேன். அவர் பாதி விவரத்திலேயே, தன்னைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் வந்து, சிரிக்கத் தொடங்கிவிட்டார். கட்டுரை அங்கேயே நின்றுபோனது. (கதைக்குள் அவரை 'அவள்' என்கிறேன். சம்மதம் வாங்கிவிட்டேன்.)

2

மூடுபனி விலகாத ஏலத்தோட்டத்தில் ஒரு பெண் மிளா

(இல்லை. அன்று நல்ல வெயில்.)

மறுபடியும்: மோனிஷாவைப் பெண் பார்க்க எலப்புள்ளியிலிருந்து ஜெகனும் அவன் அம்மா கமலாத்தாளும் வந்திருந்தார்கள். தட்டில் கேசரி வைக்கும் நேரத்தில் ஏலத்தோட்டக்காரர் மத்தியாஸ் வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"டாக்டரே, என் தோட்டத்துல மிளா மான் ஒண்ணு விழுந்து கெடக்கு. நான் வெஷம் வச்சிட்டேன்னு ஊரே பேசுது. மாதா சத்தியமா ஒண்ணும் வைக்கல. கேசாயிருமே!"

மோனிஷா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள். "கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்" என்றாள் விருந்தாளிகளிடம்.

"இங்க இருந்து என்னங்க பண்றது? நாங்களும் வர்றோமுங்க" என்று எழுந்தான் ஜெகன்.

3

ஜெகனை ரத்தம் கண்டால் மயங்குகிறவனாக முதலில் எழுதினேன், சிரிப்புக்கு உதவுமே என்று. டாக்டர் போனிலேயே கண்டித்தார்: "அவரு நல்லாத்தான் புடிச்சாரு சார்." ஆகவே திருத்துகிறேன்.

மிளாவின் காது மடலெங்கும் உண்ணி. ஈறு வெள்ளைத்தாளாக வெளுத்திருந்தது. வனத்துறைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு மோனிஷா மண்டியிட்டாள். ஜெகன் துண்டால் அதன் கண்ணை மூடித் தலையை மடியில் வைத்துக்கொண்டான். கமலாத்தாள் பின்னங்கால்களை அமுக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, கடிக்குமுங்களா?" என்றான் ஜெகன்.

"கடிக்காது. உதைக்கும்."

"அது அம்மா பக்கமுங்க."

சிரிப்பில் மோனிஷாவுக்கு ஊசி நழுவப் பார்த்தது. காதோர ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்தாள்.

4

ஆஸ்பத்திரியில் ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லில் சாயம் ஏறும்வரை மத்தியாஸ் வெளியே ஜெபமாலை உருட்டினார். ரத்தத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் விஷப் பேச்சு அவரை விடாது. அந்தப் பயத்தோடுதான் மோனிஷா நுண்ணோக்கியில் குனிந்தாள்.

இளஞ்சிவப்பு அணுக்களுக்குள் ஊதாப் புள்ளிகள். ஒன்றல்ல, கூட்டங்கூட்டமாக.

"இருக்கு!" என்று கத்தியேவிட்டாள்.

(பெரும்பாலான மான்கள் இந்த ஒட்டுண்ணிகளைச் சுமந்துகொண்டு சுகமாகவே வாழ்கின்றன. மானின் உடம்பு தளரும்போது ஒட்டுண்ணிகளின் கை ஓங்கிவிடும். கட்டுரைக்கு வைத்திருந்த வரிகள், வீணாக்க மனமில்லை.)

ஜெகனும் கண்ணை வைத்துப் பார்த்தான். "ஜவ்வரிசிக்குள்ள கடுகு விழுந்தாப்பல இருக்குதுங்க."

மோனிஷா வெளியே ஓடினாள். "வெஷம் இல்லண்ணே, உண்ணிக் காய்ச்சல்! நானே எழுதித் தர்றேன்."

மத்தியாஸுக்கு யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியவில்லை. பின்னாலேயே வந்து நின்ற ஜெகனைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளே!" என்றார். வேறு யாரும் அந்தச் சொல்லை அதுவரை சொல்லியிருக்கவில்லை. மோனிஷா, கையோடு கொண்டுவந்துவிட்ட சாயப்புட்டியை மூடுவதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

5

தோட்டத்துக்குத் திரும்பிப் போய் மோனிஷா மிளாவுக்கு மருந்து ஏற்றினாள். மறுநாள் காலை மத்தியாஸ் போனில் கத்தினார்: "எந்திரிச்சிருச்சு டாக்டரே! என் வாழக்கன்னத் தின்னுட்டுத்தான் காட்டுக்குள்ள போச்சு!" வாழைக்கன்று போனதில் அத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்கு முந்தின மாலையை வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கினேன். வண்டியில் ஏறப்போன கமலாத்தாள் திரும்பினார்.

"அம்மிணி, எங்கூட்டு எருமைகளுக்கும் உண்ணித் தொல்லைதான். ஒருக்கா வந்து பாக்கறயா?"

"பாத்துட்டுத் திரும்பிரவா, இல்ல அங்கயே இருந்துரவா அத்தை?"

கமலாத்தாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டு ஏதோ சொன்னார். ஜெகனும் குறுக்கே ஏதோ சொன்னான். மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அடித்துவிட்டேன். எதுவும் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. பதிலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். வண்டி இன்னும் கிளம்பவில்லை.