வாசலுக்கு ஏற்ற மரம்

சித்தப்பா ரம்பத்தோடு ஏணியில் பாதி ஏறிவிட்டார். அண்ணன் மகள் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க சித்தப்பா. அப்பா மரத்துல கை வைக்காதீங்க."

"பின்ன உங்கப்பாவைச் சுவரேறிக் குதிக்கச் சொல்றியா? தோள்ல பெட்டி வருது. மேல பாரு, கொத்துக் கொத்தாத் தொங்குது. இடிக்கும்மா."

கூடத்தில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். வெளியே, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக அவர் நட்ட வெள்ளைப் பூமருதுகள், சாவு வீடென்ற கூச்சமே இல்லாமல் பூத்துத் தள்ளியிருந்தன.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான் சுமந்தே தோள் காய்த்துப்போன மனிதர் அப்பா. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாசலைத்தான் பார்ப்பார். சொந்த வாசலுக்கு மரம் வாங்கப் போனபோது நர்சரிக்காரரைப் படாதபாடு படுத்திவிட்டார். முட்டியளவோடு நின்றுவிடும் குட்டை ஜாதியைக் காட்டினால், "வர்றவன் காலைத் தட்டும்." ரோஸ் நிறத்தைக் காட்டினால், "இது தோள் உயரத்துலயே கையை விரிக்குது. கண்ணைக் குத்தும்."

"எல்லாரும் நிறத்தைப் பார்த்து வாங்கிட்டுப் போறாங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"நிறம் கிடக்கட்டும்யா. வயசானா எப்படி நிக்கும், அதச் சொல்லு."

நேரே மேலே போய், அங்கே குடை விரிக்கிற வெள்ளையைக் கடைசியில் வாங்கினார். கூடப் போயிருந்த சித்தப்பா அந்த ரோஸையே ஆசைப்பட்டு வாங்கி, இன்றுவரை வருஷந்தவறாமல் அதன் தலையை வெட்டிக்கொண்டிருக்கிறார். வெட்டிய இடமெல்லாம் முண்டு முண்டாகத் திரண்டு, அது முஷ்டி மடக்கிக்கொண்டு அவரை முறைத்தபடி நிற்கிறது.

கன்று இடுப்பளவு இருக்கும்போதே அம்மா சண்டையைத் தொடங்கிவிட்டாள்.

"இத்துனூண்டு வாசல்ல ரெண்டு மரமா? நாளைக்கு நம்மள எப்படித் தூக்கிட்டுப் போவாங்க?"

"நான் இடிக்காம போறேனா இல்லையா பாரு. பந்தயம்!"

அன்றிலிருந்து அம்மா அந்த மரத்தடியில் நிமிர்ந்து நடந்ததே இல்லை. கிளைகள் தலைக்கு மேலே உயர்ந்துபோன பிறகும், தலையில் கைவைத்துக்கொண்டு கூனிக் கூனித்தான் போவாள். "ஐயோ, இடிக்குது!"

"பார்த்துடி, வானமும் இடிக்கப்போகுது," என்பார் அப்பா.

இப்போது சித்தப்பா ஏணியிலிருந்தே கூப்பிட்டார். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. ரெண்டு கொப்பை மட்டும் எடுத்துடட்டுமா?"

அம்மா பெட்டியருகில் இருந்து எழவில்லை.

"பந்தயம் எனக்கும் அவருக்கும். நீங்க ஏன் தம்பி நடுவுல வர்றீங்க? இறங்குங்க."

அப்பாவோடு வேலை பார்த்தவர்கள்தான் தூக்கினார்கள். நிலைப்படி, குறுகல், திருப்பம் எது வந்தாலும் முன்னால் பிடிப்பவர் குரல் கொடுக்கவேண்டும். அது அவர்கள் தொழில் வழக்கம். எப்போதும் அப்பாவின் குரல்தான். இன்று மூத்த கூட்டாளி கொடுத்தார்.

"வாசல் வருது! நேராப் போ!"

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி தோளோடு நிமிர்ந்து மரத்தடிக்குள் நுழைந்தது. எங்கும் உரசவில்லை. எதுவும் ஒடியவில்லை. சுருக்கம் சுருக்கமான இதழ்கள் மட்டும் மூடியின் மேல் உதிர்ந்தன.

மூத்த கூட்டாளி அண்ணாந்து பார்த்தார். "யப்பா, மேல இன்னொரு பீரோ ஏத்தலாம் போலிருக்கே!"

சுமந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மகளுக்கும் அழுகையோடு சிரிப்பு பீறிட்டது. சித்தப்பா ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அம்மாவைத் தாங்கிப் பிடிக்க மகள் கை நீட்டினாள். அம்மா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுப் படியிறங்கினாள். மரத்தடி வந்ததும் வழக்கம்போலக் கை தலைக்குப் போனது. பாதியில் நின்றது. கையை இறக்கிக்கொண்டு, கழுத்தை நன்றாக நிமிர்த்தி, அம்மா பூக்களுக்குக் கீழே நடந்துபோனாள்.