கட்டிலுக்கடியில் காட்டு ஈரம்

மழைக்காட்டு மண் தன் ஈரத்தில் அரை சதவீதத்தை இழந்த முதல் வருஷம், அந்த அரை சதவீதம் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து மண்காரரின் படுக்கையறையில், கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. சந்தையில் துண்டுத் துணிக்கடை வைத்திருந்த அவர் மனைவி, குழாய் ஒழுகுகிறதென்று பிளம்பரைக் கூப்பிட்டாள். வந்தவர் மூன்று இடத்தில் தரையை உடைத்துப் பார்த்துவிட்டு, குழாயில் குற்றமில்லை, வீட்டில் யாராவது காட்டு வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டார். வாசலிலிருந்து கட்டில்வரை பாசித் தடம் இருந்ததை அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

மண்காரரின் உத்தியோகம் இதுதான்: திங்கட்கிழமைதோறும் காட்டில் ஏழாம் எண் நிலத்தில் முழங்கை ஆழம் தோண்டி, ஒரு டப்பா மண் எடுத்து, எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, குறைந்ததை ஈரமென்று எழுதுவது. காட்டுக்கு வரும் அதிகாரிகள் மரத்தை அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். வாரம் தவறாமல் மண்டியிட்டு மண்ணை நலம் விசாரித்தவர் இவர் ஒருவர்தான். வேறு ஆளைத் தெரியாத ஈரம் வேறு யார் வீட்டுக்குப் போகும்?

“உங்க அம்மா கூடப் பத்து நாளுக்கு மேல தங்கினதில்லைங்க. இது கிளம்புற மாதிரியே தெரியலையே?”

“வந்தவங்களைப் போன்னு எப்படிம்மா சொல்றது?”

“எனக்குச் சொல்லத் தெரியும். அதுக்குக் காது இருக்கான்னுதான் தெரியலை.”

கிளம்பவில்லை. வருஷத்துக்கு அரை சதவீதமாக அதன் சொந்தபந்தமும் வந்து சேர்ந்தது. எட்டாம் வருஷம் மெத்தையில் காளான் முளைத்தது. பதினைந்தாம் வருஷம் தவளைகள் குடும்பத்தோடு வந்தன; புருஷனும் பெண்டாட்டியும் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். காட்டிலோ சருகு பழைய கடிதம்போல் காலடியில் நொறுங்கியது. காடு காய்கிறது என்று மண்காரர் வருஷாவருஷம் மேலிடத்துக்கு எழுதினார். கருவியைச் சரிபார்க்கவும் என்று மேலிடமும் வருஷாவருஷம் பதில் போட்டது. மண்வெட்டியில் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

இருபத்து நான்காம் வருஷம் மேலிடத்துக்கு ஒருவழியாக விஷயம் புரிந்தது, அது புரிந்துகொள்ளும் விதத்தில். அரசுக்குச் சொந்தமான பன்னிரண்டு சதவீத ஈரத்தை வீட்டில் பதுக்கி வைத்திருப்பது ஏன், ஏழு நாளில் திருப்பித் தராவிட்டால் வீட்டுக்கு சீல் வைக்கப்படும் என்று நோட்டீஸ் வந்தது. அவள் சந்தையில் நின்றே கால் வீங்கிக் கட்டிய வீடு. செங்கல் செங்கலாகப் பேரம் பேசிக் கட்டியது. இருவரும் மெத்தையைப் பிழிந்து, நாற்பது வாளி நிரப்பி, வேனில் ஏற்றிப்போய் ஏழாம் எண் நிலத்தில் ஊற்றினார்கள். திரும்பி வந்தபோது ஈரம் அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து படுத்திருந்தது.

ஏழாம் நாள் விசாரணை அதிகாரி வந்து, தவளைகளை விலக்கி நாற்காலியில் உட்கார்ந்தார். துணியைத் தொடாமலே பார்க்கும் வாடிக்கையாளரைப் படிப்பதுபோல அவள் அவர் முகத்தைப் படித்தாள்.

“காடு காஞ்சுபோச்சுன்னு எழுதினா உங்களை என்ன சார் கேப்பாங்க?”

“இருபத்துநாலு வருஷமா என்ன பண்ணினேன்னு கேப்பாங்கம்மா,” என்றார் அவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு. கருவியைச் சரிபார்க்கச் சொன்ன கடிதங்களில் பாதி அவர் கையெழுத்து.

“என் கடையில வெளுத்த துண்டைத் தனியா வெச்சா நாய் கூடத் தொடாது. புதுசோட சேர்த்துக் கட்டினா கட்டோட போயிடும். காட்டுல எவ்வளவு?”

“இருபத்தெட்டு.”

“ஏங்க, நம்ம ரூம்ல?”

“அம்பத்திரண்டு,” என்றார் மண்காரர் கதவோரத்திலிருந்து.

“ரெண்டையும் ஒரே காடுன்னு கட்டுங்க சார்.”

அதிகாரி விரல்விட்டு எண்ணினார். சராசரி நாற்பது, இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்பிருந்த அதே நாற்பது. வீடு முழுவதையும் காடாக்கிவிடலாம் என்று அவர் ஆரம்பித்தார். படுக்கையறைக்கு மேல் ஓர் அடி தரமாட்டேன் என்று அவள் நின்றாள். கூடத்தையாவது கொடுங்கள் என்றார். காளான் வேண்டுமானால் பறித்துப்போங்கள் என்றாள். படுக்கையறையிலேயே முடிந்தது.

“ஆனா காடு நிஜமாவே காயுதேம்மா,” என்றார் மண்காரர், அதிகாரி போன பிறகு.

“அதைத்தான் இத்தனை வருஷமா எழுதினீங்களே. யாருங்க படிச்சா?”

படுக்கையறை ஏழு-பி எண் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டாகக் காட்டு மண்ணில் மாற்றமே இல்லாததற்காகத் துறைக்குக் கேடயம் கிடைத்தது. மண்காரர் திங்கள்தோறும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலருகே மண்டியிட்டார்.

முப்பதாம் வருஷம், கோடையில் ஒரு காலை, கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் திறந்தாள். தெருமுனைவரை மரங்கள் நின்றிருந்தன, வேரில் செம்மண் புழுதியோடு. கடையின் அளவு நாடாவை எடுத்து முதல் மரத்தின் சுற்றளவையும் வாசல் அகலத்தையும் அளந்து பார்த்தாள்.

“ஒவ்வொருத்தரா வாங்க,” என்றாள். “சமையலறைப் பக்கம் யாரும் வரக் கூடாது.”