மலாவியிலிருந்து வரும் கடைசிக் குறிப்பு

யேசுதாஸை நேரில் பார்த்தவர்களைவிட அவருக்காக முழங்காலிட்டவர்கள்தான் அதிகம். எல்லாம் அவருடைய அக்கா கிரேஸ் செய்த வேலை.

கிரேஸும் அவள் கணவர் எபினேசரும் ஆப்பிரிக்காவில் மலாவி என்கிற நாட்டில் மிஷனரிகள். ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறார்கள். மாதம் பிறந்தால் அங்கிருந்து வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்துவிடும். முதலில் கர்த்தருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் குறிப்புகள்: மழை பெய்தது, விசா கிடைத்தது, பள்ளியில் புதுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அப்புறம் ஜெபக் குறிப்புகள்: கிணற்று மோட்டார் பழுது, எபினேசருக்கு முதுகுவலி, அந்த ஊர்ப் பாஷை இன்னும் நாக்குக்குப் பிடிபடவில்லை. எல்லாம் சொல்லி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கடைசியாக ஒன்று.

"ஊர்ல என் தம்பி யேசுதாஸ் குடியிலருந்து விடுதலை ஆகணும். பாரத்தோட ஜெபிச்சிக்கோங்க."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யேசுதாஸ் குடும்பம் போகும் கும்மிடிப்பூண்டி சபையில் பாஸ்டர் இதை ஒலிபெருக்கியில் போடுவார். பொன்னேரி, சோழவரம், வேப்பம்பட்டு சபைகளுக்கும் அதே பதிவு போகும். ஒருமுறை வேப்பம்பட்டு ஸ்டேஷனில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் யேசுதாஸின் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் படித்துவிட்டு, "கிரேஸ் சிஸ்டர் தம்பி நீங்கதானா?" என்று கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினாள். யேசுதாஸ் அடுத்த பெட்டியில் போய் ஏறிக்கொண்டார்.

அந்தக் குறிப்பு ஒரு காலத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. அதை அவரே மறுக்கமாட்டார். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். டன் கணக்கில் கம்பிக் கட்டைத் தூக்கி மயிரிழை பிசகாமல் இறக்குவார். ஆனால் சாயங்காலம் தன்னையே தூக்கிக்கொண்டு வீடுவரை வர முடியாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவரை அவருடைய ஒரே மகள் சோனியா ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ ஓட்டி வந்தவன் அவளோடு படித்த பையன். வீடு வந்து சேரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. அன்றோடு விட்டார் யேசுதாஸ். அது ஆயிற்று, ஒரு வருஷத்துக்கு மேல்.

குறிப்பு மட்டும் விடவில்லை. பாஸ்டர் கட்டித் தழுவும்போதெல்லாம் அவருடைய மூக்கு வாடை தேடி லேசாக ஒரு வேலை பார்க்கும். யேசுதாஸ் படியில் கால் இடறினால்கூடச் சபையே திரும்பிப் பார்க்கும்.

"எனுக்கு பேஜாரா கீதுபா," என்று ஒருநாள் கேன்டீனில் நாஷ்டா சாப்பிடும்போது கூடவேலை செய்யும் பரசுராமனிடம் புலம்பினார்.

"உனுக்கு நாலு ஊர்ல ஜெபம் பண்றாங்கோ. எனுக்கு எங்க ஊட்டுல சாபம்தான் உடுறாங்கோ," என்றான் பரசுராமன். "உங்கக்காகிட்ட சொல்லி எம் பேரையும் சேத்து உடு."

இந்தச் சமயத்தில்தான் சோனியாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் ஜெரால்ட், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வெல்டர். ஒரு வாலிபர் கூட்டத்தில் பழகிய இரண்டு பேருக்கும் ஏற்கெனவே மனசு ஒத்துப்போயிருந்தது. பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. பையனின் அம்மா அஞ்சம்மாள் சோழவரத்திலிருந்து பெண் பார்க்க வந்தாள். உபவாச ஜெபத்தில் பழுத்த அம்மாள், பேச்சு கறாராக இருக்கும்.

காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவரில் கிரேஸும் எபினேசரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு நிற்கிற படம்.

"இது மலாவி கிரேஸ் சிஸ்டராச்சே?"

"எங்க அக்காதான்," என்றார் யேசுதாஸ், தப்ப வழியில்லாமல்.

அஞ்சம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டாள். "நாலு வருசமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம உங்க பேர சொல்லி முட்டி போட்டுக்கினு கீறேன் பிரதர்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் யேசுதாஸ் தாங்கியிருப்பார். அதில் இருந்தது இரக்கம்.

"அவரு உட்டு ஒரு வருசம் தாண்டிச்சி சிஸ்டர்," என்று யேசுதாஸின் மனைவி லில்லி குறுக்கே வந்தாள்.

"நம்புறேன். ஆனா எங்க ஊட்டுக்காரர நான் இதுலதான் பறிகுடுத்தேன். அவரும் உட்டுட்டேன் உட்டுட்டேன்னு சொன்னவருதான். பொண்ண எனுக்கு புடிச்சிப் போச்சி. கிரேஸ் சிஸ்டர் உங்கள ஸ்தோத்திரத்துல சொல்லட்டும் பிரதர். நான் தேதி பேச வரேன்."

அவள் போனபிறகு சோனியா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது. தன் மகளின் கல்யாணம் எங்கோ கடலுக்கு அப்பால் இருக்கிற அக்காவின் வாயில் மாட்டிக்கொண்டிருக்கிறதே என்று யேசுதாஸுக்கு எரிச்சலாக வந்தது.

அன்றைக்கே அக்காவைக் கூப்பிட்டார்.

"டேய், நீ போன்ல சொல்ற. எனுக்கு வாசனையா தெரியும்?" என்றாள் கிரேஸ். "முன்ன ஒருவாட்டி நீ சொன்னத நம்பி ஸ்தோத்திரம்னு அனுப்பிச்சேன். அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டுல உழுந்து கெடந்த. அத்தினி சபைக்கும் திரும்பி ஜெபக் குறிப்பு அனுப்ப நான் எவ்ளோ கூசிப் போனேன்னு உனுக்கு தெரியுமாடா?"

லில்லி போனை வாங்கினாள்.

"அண்ணி, வாசன புடிக்கிறவ நான் சொல்றேன். இவரு பக்கத்துல படுத்துக்கினு கீறவ சொல்றேன். சுத்தமா உட்டுட்டாரு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒலிபெருக்கியில் கிரேஸின் குரல் வழக்கம்போல மழையிலும் விசாவிலும் தொடங்கியது. "என் தம்பி யேசுதாஸ குடியிலருந்து முழுசா விடுதலையாக்கினதுக்காக ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது அந்தக் குரல் உடைந்தது. சபை கைதட்டியது. பாஸ்டர் கட்டித் தழுவினார், இந்த முறை மூக்கு சும்மா இருந்தது. கடைசிக் குறிப்பாகக் கிணற்று மோட்டார் வந்தது. சாயங்காலமே சோழவரத்திலிருந்து போன்: "வர்ற ஞாயித்துக்கெழம தேதி பேச வரேன் பிரதர்." சோனியா அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டு, "தேங்ஸ் நைனா" என்றாள். அவள் அப்படிச் சாய்ந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

அந்த வாரம் யேசுதாஸ் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். யாரும் மோப்பம் பிடிக்கவில்லை, யாரும் "எப்டி கீறீங்கோ பிரதர்" என்று கண்ணுக்குள் உற்றுப் பார்க்கவில்லை. எல்லா மனிதரையும் போல ஒரு மனிதராகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பகல் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தார். மனசில் ஒரு குறையும் இல்லை. சண்டை இல்லை, துக்கம் இல்லை, உடம்பு வலிகூட இல்லை. இருந்தது சந்தோஷம் ஒன்றுதான். அந்தச் சந்தோஷத்தோடு நடந்த கால் வீட்டுத் தெருவை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் திரும்பியது. ஒயின் ஷாப்பின் கம்பி ஜன்னலுக்கு நாலடி முன்னால் வந்தபிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்றே அவருக்குத் தெரிந்தது. கை அதற்குள் சட்டைப் பையில் இருந்தது.

ஒரு குவார்ட்டர், பொண்ணு கல்யாணத்துக்காக, யாருக்குத் தெரியப்போகிறது?

வழக்கமாக வெள்ளிக்கிழமை இந்நேரம் அவருக்கு ஓர் எரிச்சல் வரும். இப்போது உபவாச ஜெபத்தில் பெண்கள் மலாவிக் குறிப்புக்கு வந்திருப்பார்கள், மோட்டார் முடிந்து, முதுகுவலி முடிந்து, இந்நேரம் என் பெயரைச் சொல்லிக் கதறிக்கொண்டிருப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் நடப்பார். இன்றைக்கும் பழக்கதோஷத்தில் அந்த எண்ணம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. இன்றைக்கு யாரும் சொல்லமாட்டார்கள். அவர் பெயர் ஸ்தோத்திரத்துக்குப் போய்விட்டது. ஸ்தோத்திரம் ஒருமுறை சொன்னால் முடிந்தது.

இந்த ஒரு வருஷமாகத் தன் மனவுறுதியால்தான் குடிக்காமல் இருந்ததாக அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களின் வாயில் தன் பெயர் கிடந்து உருண்டது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று, அது போனபிறகு, ஜன்னலுக்கு நாலடி தூரத்தில் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

பையிலிருந்து கையை எடுத்தார். திரும்பி நடந்தார். முதலில் நடை, பிறகு கிட்டத்தட்ட ஓட்டம். சேஃப்டி ஷூ கனத்தது. சபைக் கட்டடத்தின் வாசலில் அதைக் கழற்றி எறிந்தார்.

உள்ளே முழுக்கப் பெண்கள். மாதத்தின் முதல் வெள்ளி என்பதால் நாலு ஊர்ப் பெண்களும் கூடியிருந்தார்கள். முன்வரிசையில் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் யேசுதாஸ் கதவருகிலேயே நின்றுவிட்டார். அஞ்சம்மாள்.

அப்படியே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை தேதி பேச வருகிறாள். நிச்சயம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். சோனியாவின் தலை தோளில் சாய்ந்த இடம் இன்னும் கதகதப்பாக இருப்பதுபோல் இருந்தது.

"வேற யாருக்காவது ஜெபக் குறிப்பு கீதா?" என்று கேட்டாள் பாஸ்டரின் மனைவி.

"எனுக்கு கீது," என்றார் யேசுதாஸ்.

எல்லாத் தலையும் திரும்பியது. எண்ணெய்க் கறை படிந்த கம்பெனிச் சட்டையோடு வியர்த்து வழிந்துகொண்டு அவர் நின்றார்.

"நான் யேசுதாஸு. மலாவி கிரேஸ் தம்பி. போன ஞாயித்துக்கெழம எனுக்காக ஸ்தோத்திரம் பண்ணீங்கோ. அது பொய் இல்ல, நான் குடிக்கல. இன்னிக்கும் குடிக்கல. ஆனா இப்ப கட வாசல் வரைக்கும் போய்ட்டு வரேன். எனுக்கு பயமா கீது. எம் பேர எடுத்துடாதீங்கோ. இன்னும் கொஞ்ச நாளைக்கு சொல்லுங்கோ."

நடுவில் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மகளின் வாழ்க்கையைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று யேசுதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். இருந்தாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு மனசில்லை.

அஞ்சம்மாள் தரையில் கையூன்றி எழுந்தாள். முழங்கால் சட்டென்று நிமிரவில்லை. மெதுவாக வந்து அவர் எதிரில் நின்றாள். முகத்தைப் பார்த்தாளே தவிர மோந்து பார்க்கவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு கட வாசல் வரைக்கும் போய்ட்டு ஒரு நாளும் திரும்பி வந்ததில்ல," என்றாள்.

பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "இன்னா பாத்துக்கினு கீறீங்கோ? பேர சொல்லுங்கோ!" என்று அதட்டினாள். பழகிப்போன அந்தப் பெயர் அத்தனை வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பியது. யேசுதாஸ் அங்கேயே, கதவோரத்திலேயே முட்டி போடப் போனார்.

அஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்துத் தடுத்தாள். அந்த நாள் வரைக்கும் அவரை அவள் பிரதர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"அங்க வெக்கையா கீது சம்பந்தி," என்றாள். "ஃபேனுக்கு கீழ வாங்க."