பூ வைக்கிற நாளில் வந்த வீட்டு வரி

கொளஞ்சியம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா?

மகள் கமலாவுக்கு எலவனாசூர்கோட்டையில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பெண் வீட்டு வசதி எப்படி என்று சொல்லாமல் கொள்ளாமல் ஆள் விட்டு நோட்டம் பார்ப்பார்கள். அதனால் வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு பேர் வாசலில் நின்று வீட்டை ஏற இறங்கப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மோர் கொடுத்து உட்கார வைத்தாள்.

"முன்னால இருக்கிற ரெண்டு கடையும் எங்களுதுதாங்க. வாடகை வந்துக்கினு இருக்குது. பின்னால மாடு மூணு," என்று அளந்து விட்டாள்.

கடைகள் கொழுந்தனார் வீரமுத்துவுடையவை. மாடு ஒன்றே ஒன்று. வந்தவர்கள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். சம்மந்தி வீட்டு ஆள் நோட்டும் கையுமாகவா வருவான்? அதையாவது யோசித்திருக்க வேண்டாமா!

அவர்கள் வடக்கனந்தல் பேரூராட்சி ஆட்கள். அடுத்த மாதம் நோட்டீஸ் வந்தது. அரையாண்டுக்கு நூற்றுப் பத்து ரூபாயாக இருந்த வீட்டு வரி ஆயிரத்து இருநூற்று நாற்பது. களை எடுக்கப் போய் வயிறு கழுவுகிற விதவை எங்கே போவாள்? அதற்குள் நிஜ மாப்பிள்ளை வீட்டாரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு தடவை சொல்லிப் பழகிய நாக்கு அவர்களிடமும் அதையே சொல்லித் தொலைத்திருந்தது.

வீரமுத்துதான் மேல்முறையீட்டு மனு எழுதிக் கொடுத்தார். "நேர்ல விசாரிக்க வருவாங்க அண்ணி. அப்பவாவது உள்ளத சொல்லிடுங்க."

வந்தார்கள். எந்த நாள் பார்த்து? மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற நாள். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா செல்லியம்மாள் தட்டோடு உட்கார்ந்திருக்க, வாசலில் பில் கலெக்டர் காசிநாதன் டேப்போடு நின்றார்.

"ஏம்மா, கடை உங்களுதுன்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப இல்லன்னு மனு குடுத்துக்கிறீங்க. எது நெஜம்?"

"மெதுவா பேசுங்க சார். நாளைக்கு வாங்களேன்."

"இன்னிக்கு எழுதியாகணும்மா. இல்லன்னா போட்ட வரி போட்டதுதான்."

கூடத்தில் இருந்தவர்கள் வாசலை எட்டிப் பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். தலை நிறைய மல்லிகையோடு கமலா குனிந்திருந்தாள். ஆமாம் என்றால் ஆயுசுக்கும் வரி. இல்லை என்றால் இந்தப் பூ இப்போதே இறங்கும். எப்படியும் கல்யாணம் ஆன மறுநாளே கமலாவைக் கேட்பார்களே, வாடகை எங்கே என்று?

"இல்ல சார். கடை எங்களுது இல்ல," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "பொண்ணு நல்ல எடத்துக்குப் போவணும்னு பொய் சொல்லிட்டேன். சம்மந்திகிட்டயும்தான்."

செல்லியம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். போச்சு என்று நினைத்தாள் கொளஞ்சியம்மாள்.

"அப்பாடா!" என்றாள் செல்லியம்மாள். "வாடகை வாங்குற வூட்டுப் பொண்ணு, நம்ம ஓட்டு வூட்டுல எப்பிடி இருக்கும்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல. நாங்க மட்டும் இன்னா? டிராக்டர் சொந்தம்னு சொன்னமே, அது வாடகை வண்டிங்க."

கூடமே சிரித்தது. கமலா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். கொளஞ்சியம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காசிநாதன் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்குங்க சார். ஒரு கூடம், ஒரு ரூம், மாட்டுக்கொட்டாய். மாடும் ஒண்ணுதான்."

"மாட்டுக்கு வரி இல்லம்மா."

"இருக்கட்டும் சார். அதையும் சொல்லிட்டா நிம்மதி."