பூட்டிய அறையில் இறந்தவை

குஞ்சுகள் மீண்டும் இறந்திருந்தன.

அடிப்பாகத்தை வெட்டித் தலைகீழாக நிறுத்திய பிளாஸ்டிக் பாட்டிலில் உப்புநீர் குமிழியிட்டுக்கொண்டுதான் இருந்தது. மீன் தீனிக்காகப் பவதாரணி முந்தைய நாள் தூவிய ஆர்ட்டீமியா என்னும் பொடி இறாலின் முட்டைகள் பொரித்தும் இருந்தன. ஆனால் காற்றுக்குழாயை நிறுத்தி டார்ச்சைக் காட்டியபோது, வெளிச்சத்தை நோக்கித் திரண்டு வரவேண்டிய ஆரஞ்சுநிறப் புள்ளிகளில் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் மணலாக அடியில் படிந்தன.

பக்கத்துக் கடல்நீர்த் தொட்டியில் மாண்டரின் மீன் பாறையோரம் ஒதுங்கிக் கிடந்தது. துடிக்கும் உயிரைத் தவிர வேறெதையும் அது இரையாகக் கருதுவதில்லை. உலர்தீனி வாயருகே விழுந்தாலும் பாராமல் நகர்ந்துவிடும். இப்போது அதன் வயிறு உட்குழிந்திருந்தது. அடுத்த ஈடும் செத்தால் மீன் பிழைக்காது.

உப்பு அதே உப்பு. முட்டையும் அதே டப்பா. எப்போதாவது ஓர் ஈடு பிழைத்ததால் முட்டையைக் குறைசொல்லவும் வழியில்லை. கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் பவதாரணிக்குக் காரணமின்றி எதுவும் சாகாது என்பதில் உறுதி இருந்தது. அந்தக் காரணத்துக்கு அவள் மனத்தில் ஒரு பெயரும் இருந்தது: மூக்கம்மாள், அவளுடைய மாமியார்.

“அத்தை, இந்த ரூமுல பினாயில் ஊத்தித் தொடச்சீங்களா?”

மூக்கம்மாளின் வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய் இருக்கும். பதில் சொல்லுமுன் அதை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மாற்றிக்கொள்வாள். அந்த இடைவெளியில்தான் பொய் தயாராகிறது என்பது பவதாரணியின் கணிப்பு.

“ஏன் ஆத்தா, ஒம் பூச்சிக்கு வயித்தாலயா?”

“செத்துப்போச்சு.”

“நேத்துப் பொறந்தது இன்னிக்குச் சாகுது. சாதகம் பாத்தியா?”

பவதாரணி சிரிக்கவில்லை. மறுநாள் புதிய ஈட்டைத் தூவியதும் அறைக்குப் பூட்டுப் போட்டாள். ஒரு சாவி அவளிடம். மற்றது கணவன் ராஜ்கமலிடம்.

“பூட்டு பெருசா இருக்கே,” என்றாள் மூக்கம்மாள். “பூச்சி களவு போயிருமோ?”

“எலி வருது அத்தை.”

“ரெண்டு காலு எலியா?”

அடுத்த நாள் மாலை கல்லூரியிலிருந்து திரும்பிய பவதாரணி பூட்டைச் சோதித்தாள். கீறல்கூட இல்லை. உள்ளே குஞ்சுகள் எல்லாம் இறந்திருந்தன.

மலையிலிருந்து மதியம் லோடு இறக்கிய ராஜ்கமல் கூடத்தில் படுத்திருந்தான். “பவா, ஒன் பாட்டில்ல குழா அடைச்சிருந்துச்சு. கையை விட்டு எடுத்துவிட்டேன். நான் பாக்கலேன்னா மூச்சு முட்டிச் செத்திருக்கும்.”

“எப்பவும் நீங்கதான் எடுத்துவிடுறீங்களா?”

“அடைக்கிறப்ப எல்லாம். அதச் சொல்லிக் காட்டணுமாக்கும்?”

“கை கழுவுனீங்களா?”

“ஏலக்கா யாவாரி கையில என்ன அழுக்கு? மோந்து பாரு.”

முழங்கைவரை ஏலம் மணத்தது. மூட்டையின் மேல்காயை நம்பும் வியாபாரி போடியில் இல்லை. ஒவ்வொரு மூட்டையிலும் கையைப் புதைத்து அடிக்காயை அள்ளிப் பார்ப்பார்கள். இன்று ராஜ்கமல் கை புதைத்தவை ஜக்கையன் தோட்டத்து மூட்டைகள். ‘மருந்தடிக்காத காய்’ என்று சீட்டு ஒட்டிக் கூடுதல் விலைக்குப் போகிறவை. வீட்டு அஞ்சறைப்பெட்டிக்கும் அவற்றிலிருந்துதான் காய் வரும்.

சீட்டு பொய், காயில் பூச்சிமருந்து இருக்கிறது என்ற முடிவுக்கு வருமுன் பவதாரணி இன்னொரு ஐயத்தைத் தீர்க்க விரும்பினாள். ஏலக்காயின் காரமே குஞ்சுகளைக் கொல்லக்கூடும் அல்லவா? உடன் பணிபுரியும் பொற்கொடியின் குரங்கணி வீட்டுக் கொல்லையில் ஒருபோதும் மருந்து காணாத ஏலச்செடிகள் இருந்தன. அவளிடம் சில காய்களைக் கேட்டு வாங்கினாள். யாரும் கை வைக்காமல் பொரித்த ஈட்டிலிருந்து முதலில் மீனுக்கு ஊட்டினாள். மீன் பாறையை விட்டு வந்து ஒவ்வொன்றாகக் கொத்தியது. மீதியை மூன்று கண்ணாடி டம்ளர்களில் பிரித்தாள். ஒன்றில் எதுவும் இடவில்லை. ஒன்றில் குரங்கணிக் காய். ஒன்றில் ஜக்கையன் காய்.

மூன்றாவதில் மட்டும் எல்லாம் அடியில் படிந்தன.

டம்ளர்களை அவள் ராஜ்கமலிடம் காட்டி விளக்கினாள். ‘அதெப்படி?’ என்று அவன் கேட்பான் என எதிர்பார்த்தாள். அவன் கேட்டது வேறு.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிறாத. அம்மாட்டச் சொன்னா போடி பூராம் பரவிரும். இந்த லோடு போகட்டும்.”

“ஜக்கையன் மருந்தடிக்கலைன்னு சொன்னத நீங்க நம்புனீங்களா?”

ராஜ்கமல் மூன்றாவது டம்ளரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினான். பிறகு கையைக் கழுவினான். சோப்புப் போட்டு, முழங்கைவரை.

பவதாரணி அஞ்சறைப்பெட்டியிலிருந்த காயைக் குப்பையில் கொட்டினாள். மாலைத் தேநீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்.

மூக்கம்மாள் முகர்ந்து பார்த்தாள். “ஏலக்கா எங்க?”

“தீந்துபோச்சு அத்தை.”

இருவருடைய பார்வையும் ஒருசேர முன்கட்டுக்குப் போனது. அங்கே மூட்டைகள் உத்தரம்வரை அடுக்கியிருந்தன.

“ஏலக்கா யாவாரி வீட்டுல ஏலக்கா தீந்துபோச்சு.” மூக்கம்மாள் டம்ளரை மருமகள் பக்கம் தள்ளினாள். “மொதல்ல ரூமப் பூட்டுன. இப்ப டீ வேற மாதிரி மணக்குது. நீ மொதல்ல குடி.”

பவதாரணி எடுத்துக் குடித்தாள். நாக்குச் சுட்டது.

தேநீர் அவள் தொண்டையில் இறங்குவதை மூக்கம்மாள் கவனித்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து ஒரு காயை எடுத்து வாயில் போட்டாள்.

“துப்புங்க அத்தை.”

“என்னாது?”

“அதுல மருந்து இருக்கு. துப்புங்க. எல்லாத்தையும் சொல்றேன்.”

மூக்கம்மாள் மருமகளைப் பார்த்தாள். துப்பாமல், காயை ஒரு கன்னத்திலிருந்து மறுகன்னத்துக்கு மெதுவாக மாற்றினாள்.