கிளி டிசைன்

ரோஹிணி திருப்பதியில் ஒரு சின்ன வெப் டிசைன் ஆபீசில் வேலை பார்த்தாள். இணையதளப் பக்கங்களுக்குப் பின்னால் விரியும் பூ, இலை, துணி இழை போன்ற டிசைன்களைச் செய்வது அவள் பொறுப்பு. ஒரு சிறு சதுரம் வரைந்தால் போதும், அதுவே பக்கம் முழுக்க அடுக்கிக்கொள்ளும். ஆனால் ஓரங்கள் ஒட்டுத் தெரியாமல் சேரவேண்டும்.

அவளுக்கு முன் அந்த வேலையைச் செய்துவந்தவள் பிரேமலதா. பிரசவத்துக்காக எட்டாம் மாதத்தில் லீவில் போனாள். குழந்தை இறந்தே பிறந்தது என்று ஆபீசுக்குத் தகவல் வந்தது. பிச்சாட்டூர் வீட்டுக்கு இப்போதைக்கு யாரும் வரவேண்டாம் என்று அவள் கணவன் கிரண்குமார் சொல்லிவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் பாலசுந்தரம் என்பவர் தன் குழந்தைத் துணிக்கடைக்கு இணையதளம் கேட்டு வந்தார். ரோஹிணி காட்டிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பிரேமலதாவின் கம்ப்யூட்டரில் தேடியபோது ஒரு டிசைன் கிடைத்தது. மாவிலைகளுக்கு நடுவே குட்டிக் கிளிகள். வலது ஓரத்தில் மட்டும் ஒரு கிளி வாலில்லாமல் நின்றது. போன் செய்து கேட்கலாமா என்று நினைத்தாள். துக்கத்தில் இருப்பவளிடம் போய் வேலையைப் பற்றிப் பேசுவதா என்று தனக்கே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டாள். வாலை வரைந்து ஓரத்தைச் சேர்த்தாள். பாலசுந்தரம் பார்த்ததுமே தலையாட்டினார். கடையின் துணிப்பைகளிலும் அதையே அச்சடித்தார்.

சில மாதம் கழித்து, இப்போது வரலாம் என்று கிரண்குமார் போன் செய்தான். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ரோஹிணி பிச்சாட்டூருக்கு பஸ் ஏறினாள்.

உள்ளறைச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு அதே கிளிகள்.

"லதா கம்ப்யூட்டர்ல வரைஞ்சா, நான் பார்த்துக்கினே செவுத்துல எழுதினேன். பாப்பாவுக்கோசரம்" என்றான் கிரண்குமார். "அப்பறம் கை வரல."

பிரேமலதா மெலிந்திருந்தாள். "திங்கக்கெழமைலேர்ந்து வர்றேன். ஊட்லயே குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிக்குது" என்றாள். ரோஹிணி சரி சரி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இன்றைக்கே டிசைனை மாற்றிவிட்டால் பிரேமலதா அக்காவுக்குத் தெரியாமலே போய்விடும் என்று பஸ் நிறுத்தத்தில் நின்றபடி யோசித்தாள். அந்த எண்ணமே அவளைக் கூச வைத்தது. பஸ் வந்தது. ஏறாமல் திரும்பி நடந்தாள்.

எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தாள். பிரேமலதா கை நீட்டினாள்.

"காட்டு."

போனில் அந்தப் பக்கத்தை விரலால் பெரிதாக்கி வலது ஓரத்தைப் பார்த்தாள்.

"வால நீதான் போட்டியா?"

"ஆமாக்கா."

"கொழந்த பொறந்தப்பறம், மடில வெச்சிக்கினு போடலாம்னு உட்டு வெச்சிருந்தேன்."

ரோஹிணி அழுதாள்.

"நீ அழாத. அழுதா நான்தான் உன்ன சமாதானம் பண்ணணும். எனக்குத் தெம்பில்ல" என்றாள் பிரேமலதா. "கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ இன்னாவோ, தெர்ல. நீ கேக்கவே இல்லியே."

மறுநாளே ரோஹிணி முதலாளியிடம் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கினாள். டிசைனை மாற்றினாள். விஷயம் கேட்ட பாலசுந்தரம் மீதிப் பைகளை யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்துவிட்டார். வெளியே போன பைகளை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

திங்கட்கிழமை பிரேமலதா வந்தாள். பக்கத்துப் பக்கத்து நாற்காலிதான், வேலைப் பேச்சு மட்டும்தான். அவள் வரைந்த எதை எடுக்கும் முன்பும் ரோஹிணி எழுந்து நின்று, "இத எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்பாள். பிரேமலதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "எடுத்துக்கோ" என்பாள்.

ஒருநாள், "அது வேணாம்" என்றாள்.

ரோஹிணி ஏன் என்று கேட்கவில்லை. தன் நாற்காலியில் உட்கார்ந்து, புதிதாக ஒன்றை வரையத் தொடங்கினாள்.