கேரளாவில் பெயின்ட் வேலை

போன் அதிர்ந்தது. அரிசி களைந்துகொண்டிருந்த செல்வராணி ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டே பாய்ந்து வந்து எடுத்தாள். திரையில் வெளிநாட்டு நம்பர். முன்னால் 246.

94 இல்லை. 262 இல்லை.

கட் பண்ணினாள்.

அவளுக்குத் தெரிந்த கடல் தாண்டிய எண்கள் இரண்டே இரண்டுதான். 94 என்றால் இலங்கை. மன்னாரிலிருந்து தம்பி முத்துராஜ் பேசுவான். 262 என்றால் ரீயூனியன். இதே முகாமில் கோடி வீட்டில் இருந்துவிட்டு, படகேறிப் போய்ச் சேர்ந்த செந்தமிழன் பேசுவான். மற்ற வெளிநாட்டு நம்பர் எது வந்தாலும் எடுக்கக் கூடாது, எடுத்தால் பேங்கில் இருப்பதை உருவிவிடுவார்கள் என்று முகாமில் எல்லாருக்கும் பாடம். அவள் பேங்கில் உருவ ஒன்றுமில்லை. இருந்தாலும் பழக்கம்.

வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்றைக்குச் செக்கிங்.

திருவரங்குளத்துக்கு அந்தப் பக்கம், தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது அந்த முகாம். இலங்கையில் சண்டை நடந்தபோது கடல் தாண்டி வந்தவர்களும், வந்தவர்களுக்கு இங்கேயே பிறந்தவர்களும், பிறந்தவர்களுக்குப் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். செல்வராணி இங்கே பிறந்தவள். அந்தத் தீவை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் இலங்கைக்காரி. மாதம் ஒரு தடவை அதிகாரி வந்து தலை எண்ணுவார். ஆள் நேரில் நிற்க வேண்டும். ஆனால் ஆண்கள் பாதிப்பேர் பெயின்டர்கள்; வேலை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்விடுவார்கள். அதனால் முகாமுக்கென்று ஒரு பதில் உண்டு. பேர் படித்தால், வீட்டில் நிற்கும் பெண் கண் இமைக்காமல் சொல்லுவாள்: “கேரளாவுல பெயின்ட் வேலைக்குப் போயிருக்காரு சார்.” குடித்துவிட்டுக் கிடப்பவனும் கேரளாவில்தான். ஸ்டேஷனில் இருப்பவனும் கேரளாவில்தான். செத்துப்போனவனைக்கூட ஒருத்தி பழக்கதோஷத்தில் கேரளாவில் என்று சொல்லிவிட்டு, பிறகு நினைவு வந்து அழுதாள். அதிகாரியும் எழுதிக்கொள்வார். இரண்டு பக்கமும் தெரிந்த பொய், யாருக்கும் வலிக்காத பொய்.

போன மாதம் செல்வராணியும் அதையே சொன்னாள். அவள் புருஷன் நிலவழகன் அப்போது கடலில் இருந்தான்.

கேரளாவில் ஏதோ ஒரு துறையிலிருந்து மீன்பிடிப் படகில், முகாமின் முப்பது வீட்டு ஆண்களோடு, ரீயூனியனுக்கு. மகள் இலக்கியாவையும் கூட்டிக்கொண்டு போகத்தான் முதலில் நின்றான். பிள்ளையோடு போனால் அங்கே சீக்கிரம் இடம் கொடுப்பார்களாம். செல்வராணி பிள்ளையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

“அது ஒரு நாடே இல்லையாமே? பிரான்ஸ்காரனோட தீவாம். அடுத்தவனுக்கு அடிமையா கெடக்குற தீவுக்கு நீ அடிமையா போறியா?”

“நாம இங்கிட்டு என்ன ராஜாவா?” என்றான் நிலவழகன். “சொந்த நாடுன்னு ஒன்னு இருக்கே, ஒந்தம்பி போய் உக்காந்திருக்கானே, அவனைக் கேட்டுப் பாரு.”

கேட்டுப் பார்த்திருக்கிறாள். முத்துராஜ் எட்டு வருடத்துக்கு முன் அப்பாவின் ஊருக்கே போய்விட்டவன். “இங்க நான் யாருக்கும் கைகட்டி நிக்கல அக்கா. அட்டை இருக்கு, ஓட்டு இருக்கு. வரிசையில நின்னு ஓட்டுப் போடுறேன். பெறகு அதே வரிசையில மண்ணெண்ணெய்க்கு நிக்கிறேன்” என்று சிரிப்பான். அப்பாவின் காணியைச் சுற்றி இன்னும் ராணுவத்தின் முள்கம்பிதான். வேலிக்கு வெளியே நின்று தன் தென்னைமரத்தைத் தானே போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ‘நம்ம மரம்’ என்று கீழே எழுதியிருந்தான்.

செந்தமிழன் அனுப்பியது ஆஸ்பத்திரி போட்டோ. “கொடி அவங்க கொடி, காசு அவங்க காசு. சட்டம் பாரிஸ்லேருந்து வருது. இங்க உள்ளவனுக்கே அதுல சொல்லு இல்ல. ஆனா அக்கா, நான் காய்ச்சல்னு போனேன், டாக்டர் நாற்காலியைக் காட்டி உக்காருன்னாரு. உக்காந்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு.” பிறகு சொன்னான்: “என் பேரை மட்டும் ஒருத்தனும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்கிறான். என்னைக்கு வேணாலும் பிளேன்ல ஏத்தி கொழும்புக்கு அனுப்பிடுவான். அதுவரைக்கும் உக்காந்துக்கலாம்ல?”

நிலவழகனை அந்த நாற்காலிதான் இழுத்தது. பதினைந்து வயதிலிருந்து அடுத்தவன் சுவருக்கு வர்ணம் அடித்தவன், எந்த வீட்டிலும் யாரும் உட்காரச் சொல்லாதவன். கிளம்பும் அன்று வெள்ளைச் சட்டை ஒன்றைத் தரையில் விரித்து, சின்னப் பிரஷ்ஷால் காலருக்குக் கீழே உட்புறமாக அவள் போன் நம்பரைச் சிவப்பு எனாமலில் எழுதினான். அவன் எழுதும் கடைப்பலகை எழுத்து மாதிரியே ஒவ்வொரு எண்ணும் கொழுகொழுவென்று இருந்தது.

“தண்ணியில அழியாது” என்றான்.

எதற்கு அழியக் கூடாது என்று அவள் கேட்கவில்லை.

படகில் ஒரு சாட்டிலைட் போன் இருந்தது. இரண்டு முறை பேசினான். கடைசியாகப் பேசியபோது, “என்ஜின் மக்கர் பண்ணுது, பாத்துக்கிட்டிருக்காங்க” என்றான். அதோடு சரி.

பத்து நாளாக அவள் தூங்கவில்லை. நேற்று முத்துராஜ் போனில் கத்தினான். “அக்கா, காணோம்னு யாராச்சும் சொன்னாத்தானே தேடுவான்? நீ ஆபீசர்கிட்ட உள்ளதைச் சொல்லு. அவர் மேல சொன்னா கோஸ்ட்கார்டு தேடும். முப்பது பொம்பளையும் கேரளான்னு சொல்லிக்கிட்டிருந்தா கடல்ல எவன் தேடுவான்?”

செந்தமிழன் நேர்மாறு. “வாயைத் தொறக்காதீங்க. நேவிக்காரன் பிடிச்சா எல்லாரையும் கொழும்புக்கு இழுத்துட்டுப் போவான், போனதெல்லாம் வீண். ஒன்னே ஒன்னுதான் பயம். நடுக்கடல்ல இன்னொரு தீவு இருக்கு அக்கா. வெள்ளைக்காரனுக்குச் சொந்தம். பட்டாளம் மட்டும்தான் இருக்கு. முன்ன அங்க வாழ்ந்த சனத்தையெல்லாம் கப்பல்ல ஏத்தி விரட்டிட்டானுங்க. நாடும் இல்ல, ஊரும் இல்ல, கேக்க ஒரு நாதியும் இல்ல. அங்கிட்டு மட்டும் ஒதுங்கிடக் கூடாது, சாமியை வேண்டிக்கங்க.”

செல்வராணி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அவன் உயிருக்கு ஒரு வழி இருக்கலாம். சொன்னால் பதிவு போகும், வீடு போகும், போலீஸ் வரும். முப்பது வீட்டு அடுப்பும் அவளைச் சபிக்கும்.

சமுதாயக் கூடத்துக்கு வெளியே வரிசை நின்றது. ரஞ்சிதா அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். ரஞ்சிதாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் முடியவில்லை. அவள் புருஷன் பிரவீன்குமாரும் அதே படகில்தான்.

“என்னக்கா, சாவு வீட்டுக்குக் கெளம்புன மாதிரி மூஞ்சிய வச்சிருக்க? கொஞ்சம் சிரி. புருஷன் கேரளாவுல வாழைக்கா சிப்ஸ் தின்னுக்கிட்டிருக்கான்ல.”

“ரஞ்சிதா, நான் சொல்லிடலாம்னு இருக்கேன்.”

ரஞ்சிதாவின் முகத்தில் இருந்த விளையாட்டு அப்படியே உறைந்தது. குரலை இறக்கினாள். “எதை?”

“உள்ளதை.”

“ஒனக்கு வீடு இருக்கு, பிள்ளை இருக்கு, பத்து வருஷம் வாழ்ந்துட்ட. எனக்கு அவன் போய்ச் சேந்து கூப்பிட்டாத்தான் வாழ்க்கையே. இன்னிக்கோ நாளைக்கோ கரை தட்டப்போறவனைப் பிடிச்சுக் குடுக்கப் போறியா? நல்லா இருப்பியாக்கா நீ?”

“கரை தட்டலைன்னா?”

“வாயைக் கழுவு.”

செல்வராணியின் இடுப்பில் செருகியிருந்த போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அதே 246. ரஞ்சிதா எட்டிப் பார்த்தாள். “பிராடு கால். இவனுங்களுக்கு வேற வேலை இல்ல.” அவளே விரலை நீட்டிக் கட் பண்ணினாள்.

வரிசை நகர்ந்தது.

உள்ளே பிளாஸ்டிக் மேசைக்குப் பின்னால் அதிகாரி கோபிநாத். திருக்கோகர்ணத்திலிருந்து பைக்கில் வந்து ஆபீசில் ஜீப் ஏறி வருகிற மனிதர். கெட்டவர் இல்லை. போன வருடம் இலக்கியாவுக்கு டெங்கு வந்தபோது அந்த ஜீப்பில்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்.

“பிரவீன்குமார்.”

“கேரளாவுல பெயின்ட் வேலைக்குப் போயிருக்காரு சார்.” ரஞ்சிதா பாட்டு ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு, போகாமல் சுவரோரம் நின்றாள். செல்வராணியையே பார்த்தாள்.

“நிலவழகன்.”

செல்வராணி வாயைத் திறந்தாள். அந்தப் பதில் நாக்கு நுனியில் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தது. அதை விழுங்கினாள்.

“கடல்ல இருக்காரு சார்.”

வரிசையில் யாருடைய கையிலிருந்தோ சில்வர் டப்பா விழுந்து உருண்டது. கோபிநாத் தலையைத் தூக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது, அவ்வளவுதான்.

“என்னம்மா சொன்ன?”

“படகுல ரீயூனியனுக்குப் போனாங்க சார். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பத்து நாளா பேச்சே இல்ல. என்ஜின் கெட்டுப்போச்சுன்னாரு. யார்கிட்டயாச்சும் சொல்லித் தேடச் சொல்லுங்க சார். பிடிச்சாலும் பரவால்ல. ஜெயில்ல போட்டாலும் பரவால்ல.”

கோபிநாத் நாற்காலியை மெல்ல முன்னால் இழுத்தார். அவள் காதுக்கு மட்டும் எட்டும் குரலில் பேசினார்.

“போன மாசம் அவன் கேரளான்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்னிக்குக் கடல்னு எழுதினா, மொதல்ல என்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க, எத்தனை மாசமா இப்படி எழுதுறன்னு. அப்புறம் ஒன் வீடு. அப்புறம் வெளியில நிக்கிறாங்களே, அத்தனை வீடும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கும்மா.” நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தூக்கம் இல்லாம என்னமோ பேசுற. தண்ணி குடி. குடிச்சிட்டு நிதானமா யோசிச்சுச் சொல்லு. நிலவழகன் எங்க இருக்காரு?”

அவள் அவரைப் பார்த்தாள். உண்மை என்று ஒன்றைச் சொன்னால் இடி விழும், போலீஸ் வரும், வீடு போகும் என்றெல்லாம் பத்து ராத்திரி பயந்திருக்கிறாள். சொன்ன பிறகும் எதுவுமே நடக்காது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியதில்லை.

இடுப்பில் போன் அதிர்ந்தது.

246.

காலையிலிருந்து மூன்றாவது முறை. பிராடுக்காரனுக்கு இவ்வளவு பொறுமை ஏது? அந்த எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தம்பியின் தீவுக்கு ஒரு நம்பர். செந்தமிழனின் தீவுக்கு ஒரு நம்பர். நாடும் இல்லாத, ஊரும் இல்லாத, பட்டாளம் மட்டும் இருக்கிற அந்தத் தீவுக்கும் ஒரு நம்பர் இருக்கும்தானே?

“யாரும்மா?” என்றார் கோபிநாத்.

“அவர்தான் சார்” என்றாள் செல்வராணி. “கேரளாவுலேருந்து.”

அவர் மூச்சை விட்டார். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

அவள் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பச்சையைத் தள்ளினாள். முதலில் காற்று. பெரிய காற்று. அதற்குள்ளிருந்து யாரோ ஒரு ஆள், தெரியாத குரல், இங்கிலீஷில் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தான். நிறுத்தி நிறுத்தி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிப்பவன் போல. நான்கைந்து எண் கழித்துத்தான் அவளுக்குப் பிடிபட்டது. அவளுடைய நம்பர். நிலவழகனின் சட்டையைப் பார்த்துப் படிக்கிறான்.

சட்டை மட்டும் கிடைத்ததா, சட்டைக்குள் ஆளும் இருக்கிறானா? அதைக் கேட்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை.

“ஹஸ்பெண்ட்” என்றாள். “சார், ஹஸ்பெண்ட். ஹஸ்பெண்ட்.”

அந்தக் குரல் ஏதோ சொல்லிவிட்டு, போனை எதன் மீதோ டக்கென்று வைத்தது. காலடிகள் விலகிப் போயின. பிறகு காற்று மட்டும்.

பின்னால் சருகு நொறுங்கியது. ரஞ்சிதா வந்து நின்றாள். செல்வராணியின் காதோடு ஒட்டியிருந்த போனையே பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து முந்தானையால் திரையைத் துடைத்து, வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். அதில் அவள் முகம்தான் கறுப்பாகத் தெரிந்தது. மறுபடி துடைத்தாள்.